மருந்து குவிந்த அறை

காலை 6.40. விருதுநகர் பேருந்து நிலையம். சிவகாசி இருபத்தேழு கிலோமீட்டர், திருத்தங்கல் வழி. சிவகாசிக்குப் பக்கத்திலிருக்கும் விஸ்வநத்தத்துக்கு எங்கே இறங்கணும் என்று கேட்டேன். "விஸ்வநத்தத்துல என்ன சோலி?" என்றார் நடத்துனர். "ஒருத்தங்களைப் பார்க்கணும்" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். மேடை கிடைத்தால் மைக்கை விடமாட்டேன். சென்ற ஆண்டு விஸ்வநத்தத்தில் பட்டாசுத் தொழிலாளர் கூட்டம். வளைகுடாவைப் பற்றி முழங்கினேன். ஒரு வல்லரசு பல பத்தாண்டுகளாகத் தனக்கு வேண்டியவனை நாற்காலியில் உட்கார வைத்தது. வேண்டாதவனுக்குத் தடை போட்டது. சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஆயுதம் விற்றது. போட்ட ஒப்பந்தத்தைத் தானே கிழித்தது. இன்னொரு வல்லரசு எதிர்ப்பக்கம் நின்று அதையே செய்தது. "போர் மூண்டால் கடைசிப் பொறியைத் திட்டாதீர்கள், ரூமில் அளவுக்கு மேல் வெடிமருந்தைக் குவித்தவனைக் கேளுங்கள்" என்றேன். அடேயப்பா, என்ன கைதட்டல்!

மேடையிலிருந்து இறங்கியதும் முத்துலட்சுமி வந்தார். வெடிக்கு மருந்து செலுத்துகிறவர். மகனுக்கு வளைகுடாவில் கட்டட வேலை. "அவன வரச் சொல்லிரட்டுமா சார்?"

"சும்மா இருங்கம்மா. பெரிய நாடுக மிரட்டும், அடிச்சுக்காது" என்றேன், பெரிய இவன் மாதிரி. போன வாரம் போர் தொடங்கிவிட்டது, விமானங்கள் நின்றுவிட்டன.

8.15. சிவகாசியிலிருந்து ஆட்டோ, நூறு ரூபாய். விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி வாசலில் முத்துலட்சுமி நின்றிருந்தார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். என்னைப் பார்த்ததும் கொடுக்கப்போன கை நின்றது.

"மருந்து குவிஞ்சு கெடக்குன்னு நீங்கதான சொன்னீக? குவிஞ்ச ரூமுக்குள்ள நாங்க கால் வைக்கமாட்டோம் சார். கணக்குப்பிள்ளையே சொன்னாலும் வெளியதான் நிப்போம். எம் மவன மட்டும் எதுக்கு உள்ள இருக்கச் சொன்னீக?"

கைதட்டல் வாங்கிய பேச்சை நானே நம்பவில்லை, அவர்தான் நம்பியிருக்கிறார். போனை என் கையில் திணித்தார். "கூப்பிடுவான். நீங்களே பேசுங்க."

9.30. வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் போன் அடித்தது.

"அம்மா..."

"அம்மா உள்ள இருக்காங்க தம்பி. உன்னை வரவேண்டாம்னு சொன்ன வாத்தியார் பேசுறேன். தப்பு என்னுது."

"விமானம் எப்ப விடுவாங்கன்னு தெரியுமா சார்?"

"தெரியாது தம்பி."

"அம்மாட்ட சீக்கிரம் விட்ருவாங்கன்னு சொல்லிருங்க. நீங்க சொன்னா அது நம்பும்."