பிஸ்கட்டவே ராகுகாலம்

ஞானம் அண்ணா இறந்த செய்தி எங்கள் அமெரிக்க ஊரான பிஸ்கட்டவேயின் வாட்ஸ்அப் குழுவில், ஒரு பொட்லக் விருந்து அறிவிப்புக்கும் பழைய சோபா விற்பனைக்கும் நடுவில் வந்தது. சற்று நேரத்தில் "மிக மென்மையான மனிதர்" என்று ஒருவர் எழுத, வரிசையாகக் கைகூப்பினார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் பேச்சு வாங்கி அழாதவர் இந்த ஊரில் யாராவது உண்டா?

நானும் அவரும் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். என்னை "நீர்" என்பார். மயிலாப்பூரில் வளர்ந்த என் காதுக்கு அது நாடக வசனம் மாதிரி இருக்கும். என் முதல் பிரசன்டேஷன் முடிந்து எல்லோரும் கைதட்டியபோது, "நல்லா உடுத்தியிருக்கிறீர்" என்று மட்டும் சொன்னார். பாத்ரூமில் போய் அழுதேன். மறுநாள் அவர் மனைவி தெரேசா அக்கா வட்டிலப்பம் என்ற அவர்கள் ஊர் இனிப்பைக் கொடுத்தனுப்பினார். அவர் குத்துவார், அக்கா மருந்து போடுவார். அந்த வீட்டு வழக்கம் அது.

தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததுமே அக்கா ஒரு நேர்த்தி வைத்தார்; நாங்கள் வேண்டுதல் என்போம். இங்கிலாந்தின் வடகோடியில் லிண்டிஸ்ஃபார்ன் என்றொரு தீவு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே துறவிகள் மடம் கட்டி வாழ்ந்த இடம். கடல் வற்றும்போது மணலில் நடந்தே போகலாம். பெருகிவிட்டால் வழி கிடையாது. அந்த மணலில் வெறுங்காலோடு நடந்து போய் அங்கே ஜெபிக்க வேண்டும். இரண்டு கீமோக்களுக்கு நடுவே டாக்டர் விட்ட சில நாட்களில் கிளம்பினோம்: அவர்கள் இருவர், நான், கார் ஓட்ட என் கணவர் ராகவன்.

கடல் எப்போது வழிவிடும் என்று விடுதிச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. மதியம் கிளம்பும்போது ராகவன் போனைப் பார்த்தார்.

"ராகுகாலம் ஓடுது அண்ணா. முடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணிடலாம். டைம் இருக்கு."

"கடலுக்கு ராகுகாலம் தெரியுமோ?" என்றார் ஞானம் அண்ணா.

"அவரின்ரை நம்பிக்கை அவருக்கு. கொஞ்சம் பொறுங்கோவனப்பா," என்றார் அக்கா.

ராகுகாலம் முடியும்வரை பொறுத்தோம். கரைக்குப் போனபோது மணல் இல்லை. தீவுக்குப் போகும் தார்ச்சாலை மேலேயே தண்ணீர் ஏறியிருந்தது. எதிரே தீவு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அக்கா கழற்றிய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் விடியலில் விமானம், அதற்கடுத்த நாள் கீமோ.

ஞானம் அண்ணா ராகவனின் போனை வாங்கிப் பார்த்தார். பஞ்சாங்க ஆப் பிஸ்கட்டவேயிலேயே நின்றிருந்தது. அந்த ஊர் ராகுகாலத்தை இந்த ஊர் மணிக்கு மாற்றிக் காட்டியிருந்தது. நாங்கள் பொறுத்திருந்த நேரம் இங்கே ராகுகாலமே இல்லை. "இது பிஸ்கட்டவே ராகுகாலம்," என்று திருப்பிக் கொடுத்தார். அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் அக்கா போய்விட்டார். துக்கம் கேட்கப் போன ராகவனிடம், சவப்பெட்டிக்கு முன்னால், எல்லோர் காதிலும் விழும்படி ஞானம் அண்ணா கேட்டார்: "நல்ல நேரம் பார்த்துத்தானே வந்தனீர்?" அன்றே ராகவன் அந்த ஆப்பை அழித்தார். ஞானம் அண்ணாவுக்கு அது போதவில்லை. அதையே பர்த்டே பார்ட்டியில் கேட்டார், இந்தியன் கடை வரிசையில் கேட்டார், வருடக்கணக்கில் கேட்டார். ஒரு நாள் நான் பொறுக்காமல், "எதுக்குண்ணா அவரை இப்படிச் சித்திரவதை பண்றீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"மறந்திடுவாரெண்டு," என்றார்.

சென்ற மாதம் ஹாஸ்பிஸில் அவரைப் பார்க்கப் போனோம். ராகவன் கட்டிலருகே உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடுங்க அண்ணா," என்றார். சாகக் கிடக்கிறவர் சரியென்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏலாது," என்றார். மாட்டேன் என்பதல்ல அதற்குப் பொருள். முயன்று பார்த்து முடியாமல் போனவர் சொல்கிற சொல்.

ராகவன் எழுந்தார். ஞானம் அண்ணா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "எங்க போறீர்? இரும். அவளைப் பற்றிக் கதைக்க எனக்கு வேற ஆர் இருக்கினம்?"

சாயங்காலம் வரை பேசினார். ராகவன் அழுதுகொண்டே கேட்டார்.

நேற்று அடக்கம் முடிந்து காரில் வரும்போது, "உள்ளுக்குள்ள மன்னிச்சிருப்பார் இல்ல?" என்று ராகவன் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்லை," என்றேன். ஞானம் அண்ணாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய வாய்.