கொம்பு வைத்த ஏ, வால் முளைத்த பி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மௌஸ் நான்தான். அண்ணன் அப்படித்தான் சொல்வான். வீட்டுக்கு யார் வந்தாலும், "டேபிள் மேல கீறது சும்மா. நெஜ மௌஸு இதோ வாயடிச்சிகினு கீது பாரு" என்று என் பக்கம் கை காட்டுவான். எனக்குச் சுர்ரென்று ஏறும். ஆனால் அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. என்னைவிட ஆறு வயது பெரியவன். பார்வையற்றோர் பள்ளியில் ஆர்மோனியத்தில் கை வைத்தவன், அப்படியே கீபோர்டுக்கு வந்து ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்துவிட்டான். ராயபுரத்தில் கல்யாணம், புளியந்தோப்பில் கூழ் ஊற்றுகிற விழா, வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடைத் திறப்பு என்று மாதத்தில் பாதி நாள் மேடையில் இருப்பான். நாங்கள் குடியிருந்தது திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில். கன்டெய்னர் லாரி போனால் அலமாரியில் டம்ளர் பேசும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அண்ணன் சம்பாத்தியமும் வீட்டுக்கு உதவியாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வேலை வீட்டைவிட அவனுக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது. கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யாரும் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டியதில்லை.

இரண்டாயிரம் பிறந்து மூணு நாலு வருஷம் ஆகியிருக்கும். கச்சேரிகளில் 'ட்ராக்' என்று ஒன்று வந்தது. வாத்தியம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் செய்து சிடியில் போட்டுவிடுவார்கள். மேடையில் பாடுகிறவர் மட்டும் இருந்தால் போதும். குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, மேடையில கீபோர்டுக்கு ஆளு வோணாங்கறானுங்க பார்ட்டிங்க. ஆனா ட்ராக் போட ஆளு வோணும். உன்ன வுட்டா எனக்கு யாரு கீறா? உன்னால போட முடியுமா, சொல்லு."

அண்ணன் முடியும் என்று சொல்லிவிட்டான். எப்படி என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாஸ்டரே ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பிடித்து, அதில் ஒரு மியூசிக் சாஃப்ட்வேரையும் ஏற்றி அனுப்பினார். கீபோர்டை ஒயரால் அதில் மாட்டினால் அண்ணன் வாசிப்பதெல்லாம் திரையில் கோடு கோடாக விழும். விழுந்ததில் பிசகைத் திருத்துவது, தபேலா சேர்ப்பது, அடுத்த வாத்தியத்துக்குத் தாவுவது எல்லாம் மௌஸ் வேலை. அப்போது நான் காலேஜ் முடித்து வீட்டில் சும்மா இருந்தேன். "மேல போ. இன்னும் மேல. அங்கதான் இடிக்குது, தூக்கு அத்த" என்று அவன் சொல்வான். நான் தூக்குவேன். தப்பானதைத் தூக்கிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன். நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே நல்ல நல்ல ட்ராக்காகப் போட்டோம்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வைகாசியில் முகூர்த்தம். தட்டு மாற்றி முடித்து எல்லோரும் கேசரி தின்றுகொண்டிருந்தபோது அண்ணன் எழுந்துபோய் கம்ப்யூட்டர் மூலையில் உட்கார்ந்துகொண்டான். நான் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். வைகாசிக்குள் அவன் தனியாக ட்ராக் போடப் பழகியாக வேண்டும். இல்லையென்றால் மாஸ்டர் வேறு ஆள் பார்ப்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவரும் குழுவை நடத்த வேண்டுமே.

அண்ணனோடு பள்ளியில் படித்த தோஸ்து ஒருத்தர், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற ஒரு சாஃப்ட்வேரை சிடியில் கொடுத்தார். காசு கட்டாத மாதிரிப் பதிப்பு. அமெரிக்க இங்கிலீஷில் கொஞ்ச நேரம் கடகடவென்று பேசிவிட்டுத் திடீரென்று வாயை மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். அதை வைத்துக்கொண்டு மியூசிக் சாஃப்ட்வேருக்குள் நுழைந்தோம். மௌஸைத் தொடாமல் எந்தப் பட்டனை அழுத்தி எங்கே போவது என்று புரியவில்லை. நட்டநடு ரோட்டில் நின்ற மாதிரி நின்றோம்.

தேரடிப் பக்கம் ஒரு ப்ரௌசிங் சென்டர் இருந்தது. முழங்கால் இடிக்கிற தடுப்புக்குள் உட்கார்ந்து நாள் நாளாகத் தேடினேன். மியூசிக் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகம் கேட்டுக்கொள்கிற பழைய ஃபோரம் ஒன்று கிடைத்தது. அதன் அடியில், பல வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரு பதிவு. எழுதியவர் எந்த நாடு என்று தெரியவில்லை. எனக்கும் பார்வை கிடையாது, நான் மௌஸைத் தொடாமலே இந்தச் சாஃப்ட்வேரில் பாட்டு அமைக்கிறேன், எப்படி என்று சொல்கிறேன் என்று இங்கிலீஷில் ஆரம்பித்திருந்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தால் ஒரே கண்றாவி. மேற்கோள் குறி இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. பட்டன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் à என்றும் ß என்றும் என்னென்னவோ. இடையில் எப்போதோ எழுத்தெல்லாம் கெட்டுப்போயிருந்தது.

சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். "வைரஸ்மா அது. ப்ரிண்ட் போட்டா ப்ரிண்டரும் பூடும்."

அவரோடு மல்லுக்கு நின்று ப்ரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். "கண்ட்ரோல் பட்டன். அதுகூட கொம்பு வச்ச ஏ."

"ஏ-க்கு இன்னாமே கொம்பு?"

"எனக்கு இன்னா தெரியும்? ஒரு ஏ-க்கு இந்தப் பக்கம் கொம்பு கீது, இன்னொண்ணுக்கு அந்தப் பக்கம் கீது. ஒண்ணு தொப்பி போட்டுகினு கீது. ஒரு பி-க்கு வால் மொளச்சிகினு கீது."

"வெளிநாட்டு ஏ, பி போல கீது. சாதா ஏ-வே போடு" என்றான். கண்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தினான். அதன் பிறகு டிலீட் அழுத்தினால் பிசகான ஒரு ஸ்வரம் மட்டும் போகும் என்று காகிதத்தில் இருந்தது. அழுத்தினான். அந்த நேரம் பார்த்துப் பேசுகிற சாஃப்ட்வேர் வாயை மூடிக்கொண்டது. எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எதைச் செய்தாலும் உடனே சேவ் பண்ணிவிடுவது அண்ணன் பழக்கம். பண்ணினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுத் திறந்து பார்த்தால் பாட்டையே காணோம். கண்ட்ரோல் ஏ என்றால் எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடி என்று அர்த்தமாம். கொடுங்கையூர்க் கோயில் திருவிழாவுக்காகக் காலையிலிருந்து உட்கார்ந்து போட்ட ட்ராக் அது. மொத்தத்தையும் அழித்துவிட்டு, காலிப் பாட்டைப் பத்திரமாக சேவ் பண்ணி வைத்திருந்தோம்.

நான் காகிதத்தைக் கசக்கி மூலையில் வீசினேன். "ஒரு எழவும் வோணாம். நான் கல்யாணமே பண்ணிக்கல. எங்கியும் போவல." கோபத்தில் சொன்னாலும் அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னேன். அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். அண்ணனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பேப்பர எடு. முதல்லேர்ந்து படி. கொம்பு, வால், ஒண்ணும் வுடாத."

படித்தேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். புதுப் பாட்டு ஒன்றைக் காதில் ஏற்றிக்கொள்ளும்போது அப்படித்தான் சாய்ப்பான். விரல் மட்டும் கம்ப்யூட்டர் கீபோர்டின் மேல் எதையும் அழுத்தாமல் அலைந்துகொண்டிருந்தது.

"அடுத்ததுக்குப் போன்னு சொல்ற எடத்துலல்லாம் கொம்பு ஏ வருது. பின்னால வான்னா வால் பி வருது. கரீட்டா?"

"ஆமா."

"ஏ இங்க கீது. பி அங்க எங்கியோ கீழ கீது. முன்ன போயி பின்ன வர்றதுக்கு ஒவ்வொரு தபாவும் கைய தூக்கணும், எடத்த தேடணும். கண்ணு இருக்கறவன் அப்டி சொல்லுவான். இந்தாளுக்குக் கண்ணு இல்லன்னுதானே படிச்சே? அவன் கைய எடுக்கவே மாட்டான். நமக்கும் அப்டி ஒரு வழிய சொல்ல மாட்டான்." கொஞ்சம் யோசித்தான். "இந்த மாதிரி கோணல் எழுத்து மொத்தம் எத்தினி ரகம்?"

எண்ணிப் பார்த்தேன். கொம்பு இரண்டு, தொப்பி ஒன்று, வால் ஒன்று. நாலு என்றேன்.

அவன் கை கீபோர்டின் வலது ஓரத்துக்குப் போனது. இடது, வலது, மேலே, கீழே என்று அம்புக்குறி போட்ட நாலு பட்டன் அங்கே ஒன்றாக இருந்தது. பழைய பாட்டு ஒன்றைத் திறக்கச் சொன்னான். கண்ட்ரோலோடு வலது அம்பை அழுத்தினான். பேசுகிற சாஃப்ட்வேர் ஒரு ஸ்வரத்தின் பெயரைச் சொன்னது. மறுபடி அழுத்தினான், அடுத்த ஸ்வரம். இடது அம்பு, பழைய ஸ்வரம். அம்புக்குறிகள்தான் காகிதத்தில் கொம்பும் வாலுமாகக் கெட்டுப்போயிருந்தன. பாட்டுக்குள் அவன் முதல் தடவையாகத் தானே நடந்து போய்க்கொண்டிருந்தான். யாரோ எவரோ, எந்தத் தேசமோ, அந்த மனிதரின் கை எங்கே இருந்திருக்கும் என்று என் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "அந்த காலிப் பாட்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டேன். சாயங்காலத்துக்குள் அவன் அழிந்துபோன ட்ராக்கை மறுபடி வாசித்து முடித்துவிட்டான்.

அடுத்த முறை ப்ரௌசிங் சென்டருக்குப் போனபோது அந்தப் பதிவுக்கு அடியில் ஒரு நன்றி எழுதினேன். எனக்குப் பிறகு அதைப் படிக்கிற யாரும் பாட்டைத் தொலைக்கக் கூடாது என்று, இடது அம்பு, வலது அம்பு என்பதைக் குறியாகப் போடாமல் வார்த்தையாகவே எழுதி வைத்தேன். பதில் வரவில்லை. அவர் அந்தப் பக்கம் வருவதையே விட்டிருப்பார்.

மாசி, பங்குனி, சித்திரை முழுக்க அவன் பழகினான். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் தடவித் தேடும்போதெல்லாம் மௌஸைப் பிடுங்கி ஒரே கிளிக்கில் முடித்துவிட என் கை பரபரக்கும். அதனால் அடுப்படிக்குப் போய்விடுவேன், வெங்காயமாவது உரிக்கலாம். வைகாசி பிறப்பதற்குள் அவன் ஒரு முழு ட்ராக்கைத் தானே போட்டான். மாஸ்டர் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நான் இல்ல மாஸ்டர். நான் வெங்காயம் உரிச்சிகினு இருந்தேன்" என்றேன்.

கல்யாணம் ஆகித் திருப்பூருக்குப் போனேன். அங்கே யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. வீட்டுக்காரர் காலையில் கம்பெனிக்குப் போனால் ராத்திரிதான் வருவார். சமையல் மாமியாருடையது, என்னை உட்காரச் சொல்லிவிடுவார். நான் 'இன்னா' என்று வாயைத் திறந்தால் நாத்தனார்கள் சிரிப்பார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சினிமாவில் கேட்டதை நேரில் கேட்கிற சிரிப்பு. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பேச்சைக் குறைத்துக்கொண்டேன். நாளெல்லாம் ஓயாமல் பேசியே வளர்ந்தவள், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவளாக ஆனேன். வீட்டிலிருந்து போன் வந்தால், பக்கத்தில் ஆள் இருப்பதால், நல்லா இருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

ஆடி பிறந்ததும் அப்பா வந்து அழைத்துப் போனார். ரயிலில் எனக்கு ஒரே நினைப்பு. ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மன் விழா, ஆர்டர் குவிந்திருக்கும், அண்ணன் திணறிக்கொண்டிருப்பான், போனதும் உட்கார வேண்டும். வீட்டுக்குள் நுழைந்து முகம்கூடக் கழுவாமல் அவன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "சொல்லு, எதைப் பார்க்கணும்?"

"ஒண்ணும் பாக்க வோணாம்மே. எல்லாத்தயும் முடிச்சி நேத்தே மாஸ்டர் வந்து எடுத்துகினு பூட்டாரு." ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். பம்பையும் உடுக்கையும் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தன. நாங்கள் சேர்ந்து போட்டதையெல்லாம்விட நன்றாக இருந்தன. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று உறைத்தது. அங்கேயும் எனக்கு வேலை இல்லை, இங்கேயும் இல்லை.

அதை மறைக்க நான் பாட்டுக்கு அந்தப் பேசுகிற சாஃப்ட்வேர் இன்னும் நின்று போகிறதா, புதுசாக வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்தான். நாற்காலியை என் குரல் வந்த பக்கம் திருப்பிக்கொண்டு தலையைச் சாய்த்தான்.

"இத்தினி நாளா ஸ்க்ரீன்ல இன்னா கீது, பேப்பர்ல இன்னா கீதுன்னே சொல்லிகினு இருந்தே. அதெல்லாம் இப்ப நான் பாத்துக்கறேன். நீ எப்டி கீற? அத்த சொல்லு."

நல்லா இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்புறம் நான் திருப்பூருக்கு ரயிலேறிய நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், நாங்கள் எழுந்திருக்கவில்லை.