கேஸில் மாட்டிய கேபிள்

மின்சார இலாகாவில் ஜூனியர் எஞ்சினியர் என்பவன் பாதி நேரம் ஃபியூஸ் போடுகிறவன், மீதி நேரம் ஃபியூஸ் போனதற்குத் திட்டு வாங்குகிறவன். அதற்கு மேலும் அவனுக்கு நேரம் மிச்சமிருந்தால் சர்க்கார் அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பி வைக்கும். நீங்களும் சர்க்கார் சம்பளம் வாங்கி, ஒரு தடவையாவது சாட்சிக்கூண்டில் ஏறி, வக்கீல் கேட்ட கேள்விக்கு எச்சில் விழுங்கியிருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

நான் சொல்வது டெல்லியில் ஆசியாட் என்ற ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்த காலம். மேம்பாலம், ஸ்டேடியம், ஓட்டல் என்று ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். என் மனைவி விசாலம் மத்திய சர்க்கார் கிளார்க். அவள் பெயரில் கிடைத்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தோம். நான் பார்த்துக்கொண்ட சப்-ஸ்டேஷனும் அதே காலனியில்தான் இருந்தது. இதைவிடப் பெரிய தண்டனை இந்தியச் சட்டத்தில் கிடையாது.

பாதுகாப்பான இடம்

சப்-ஸ்டேஷன் வாசலில் மண்டை ஓடு போட்ட பலகை ஒன்று உண்டு. அத்துமீறி உள்ளே நுழைந்தாலோ, சாமான்களைத் தொட்டாலோ ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், டிரான்ஸ்ஃபார்மருக்கு நாலு அடி தள்ளி ஒரு பழைய வேஷ்டி விரித்து, அதன் மேல் வரிசை வரிசையாக வடாம்! பக்கத்து பிளாக் பங்கஜம் மாமி வேலியில் இருந்த ஓட்டை வழியாகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"மாமி, இது பதினோராயிரம் வோல்ட்! செத்துப்போனால் அப்புறம் யார் சாப்பிடுவது?" என்று கத்தினேன். சட்டம், ஜெயில், அபராதம் எல்லாம் எடுத்துச் சொன்னேன். மாமி வடாமைத் திருப்பிப் போட்டபடியே கேட்டுக்கொண்டாள். "நன்னாயிருக்கே! அந்த போர்டைப் பார்த்துப் பயந்துண்டு ஒருத்தரும் உள்ளே வரமாட்டான்னுதானே இங்கே காயப்போடறேன்?"

ஞாயிற்றுக்கிழமை உழைப்பாளிகள்

மாமி நுழைந்த அதே ஓட்டை வழியாக, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வேறு சிலரும் நுழைந்தார்கள். அவர்கள் வடாம் ஆட்கள் இல்லை. முதலில் சுவிட்சை முறையாக அணைத்தார்கள். வெளியே சாலையில் சிவப்புக் கொடி நட்டார்கள், 'வேலை நடக்கிறது' என்று பலகை வைத்தார்கள், கூலிக்காரர்களை விட்டு நீளமாகத் தோண்டினார்கள். எங்கள் ஆட்கள் வருஷம் பூராவும் மறந்துபோகும் விதிகளை எல்லாம் அந்தத் திருடர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்து, காலனிக்கு உயிர்நாடியான செம்புக் கேபிளை வெட்டி எடுத்துச் சுருட்டிவிட்டார்கள். பட்டப்பகலில்! ஊரே தோண்டிக் கிடந்தபோது இன்னொரு பள்ளத்தை யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு போலீஸ் ஹவில்தார் அரை மணி நேரம் அவர்களுக்காக டிராஃபிக்கைத் திருப்பி விட்டிருக்கிறார். பிற்பாடு என்னிடம் வருத்தப்பட்டார், "ஞாயிற்றுக்கிழமையில் இவ்வளவு ஜல்தியாக வேலை செய்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும் சாப்" என்று.

கரண்ட் போய் வெகு நேரமாகியும் வராததால் நான் போய்ப் பார்க்க ஓடினேன். போலீஸ் ஜீப்பும் வந்தது. காண்டிராக்டராக நடித்தவனும் லாரிக்காரனும் கேபிள் சுருளைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். மற்றக் கூலிகளும் சிதறிவிட்டார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் பள்ளத்துக்குள் நின்று மும்முரமாக மண் அள்ளிக்கொண்டிருந்தான். பெயர் மாரிமுத்து, ஆத்தூர்ப் பக்கம். ஜுக்கி என்கிற சேரியில் குடிசை போட்டுக்கொண்டு மண்வெட்டி வேலைக்குப் போகிறவன். அவனைச் சுற்றி நாலு போலீஸ்காரர்கள் நின்றதும் நிமிர்ந்து பார்த்தான். அவர்கள் இந்தியில் அதட்டியது எதுவும் அவனுக்குப் புரியவில்லை. நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கதான் எஞ்சினீரா சார்? மேஸ்திரிய ரொம்ப நேரமாக் காணங்க. இன்னிக்குக் கூலிய நீங்களே குடுத்துடறீங்களா?"

தடயத்தின் மகிமை

இவன் வெறும் கூலி, திருட்டு என்றே தெரியாமல் வந்தவன் என்று ஸ்டேஷனில் தொண்டை கிழியச் சொன்னேன். அதை எல்லாம் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றார் ஸ்டேஷன் அதிகாரியான தானேதார். ஓடினவர்களைப் பிடிப்பதில் உள்ள சிரமம், பிடித்தவனைப் பிடித்து வைப்பதில் கிடையாது பாருங்கள். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாமல் மாரிமுத்து திஹார் ஜெயிலுக்குப் போனான். அவன் மனைவி கைக்குழந்தையோடு ஸ்டேஷன் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மாரிமுத்துவோடு கேபிளும் கைதாகிவிட்டது. அது இனிமேல் கேபிள் இல்லையாம், தடயமாம். மே மாத வெயிலில் பாதிக் காலனிக்கு ஃபேன் இல்லை. புதுக் கேபிள் கேட்டால், எல்லாம் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது, குளிர்காலத்தில் வாருங்கள் என்கிறது ஸ்டோர். காலனியே என் வீட்டு வாசலில் நின்றது. "ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்கற மாப்பிள்ளைன்னு அப்பா பெருமையாச் சொன்னார்" என்று விசாலம் விசிறியால் விசிறிக்கொண்டே சொன்னாள். விசிறி என் பக்கம் வரவில்லை.

தானேதாரிடம் போய்க் கெஞ்சினேன். 'சுபுர்தாரி' எழுதிக் கொடுத்தால் சுருளை எடுத்துப் போகலாம் என்றார். அதாவது, கேஸ் முடியும்வரை பொருளை ஒரு நூல் கலையாமல் பத்திரமாக வைத்திருந்து, கூப்பிடும்போதெல்லாம் கோர்ட்டில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று நான் ஜவாப்தாரி ஏற்க வேண்டும். தவறினால் ஜெயிலுக்குப் போவது நான். "அதைப் போட்டுக் கரண்ட் கொடுக்கலாம் இல்லையா?" என்று ஆசையோடு கேட்டேன். தானேதார் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எஞ்சினியர் சாப், கரண்ட் இல்லாமல் ஜனங்கள் உயிரோடு இருப்பார்கள். கேபிள் இல்லாமல் கேஸ் உயிரோடு இருக்குமா?"

ராம்பலின் நல்ல மனசு

சுருளைக் கொண்டுவந்து எங்கள் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியை வழக்கமான ஆணியில் மாட்டினேன். பிறகு ஜனக்புரியில் மச்சினி கல்யாணம். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் காலனி ஜகஜ்ஜோதியாக இருக்கிறது! எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றுகிறது, ரேடியோ பாடுகிறது. பங்கஜம் மாமி ஓடிவந்து ஒரு டம்ளர் பாயசத்தைக் கையில் திணித்தாள். யாரோ புண்ணியவான் மேலிடத்தில் பேசிப் புதுக் கேபிள் வாங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நானும் பாயசத்தைக் குடித்தேன்.

புண்ணியவான் எங்கள் லைன்மேன் ராம்பல்தான். இருபது வருஷ சர்வீஸ், தங்கமான மனுஷன். நான் லீவில் இருந்து திரும்பும்போது எனக்குச் சந்தோஷ அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று, லீவு நாளில் ஆட்களைக் கூட்டிவந்து கேபிளைப் பதித்து, இரண்டு பக்கமும் ஜாயின்ட் போட்டு, மண்ணை மூடிக் கரண்ட் விட்டிருக்கிறான். கேபிள் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். "நம்ம ஸ்டோர்லயேதான் சாப் சும்மாக் கிடந்தது. யாரோ துணி சுத்தி, சிவப்பு அரக்கு முத்திரை எல்லாம் வைத்து எவ்வளவு அழகாக பேக் பண்ணியிருந்தார்கள் தெரியுமா!"

நானே சாட்சி, நானே மொழிபெயர்ப்பு

தோண்டி எடுக்கலாம் என்றால் காலனி என்னை அதே பள்ளத்தில் போட்டு மூடிவிடும். எடுத்தாலும் வெட்டி ஒட்டின கேபிளில் அரக்கு முத்திரைக்கு எங்கே போவது? விசாரணைத் தேதி வரைக்கும் சோறு இறங்கவில்லை. திருடன் வெளியே சுற்றுகிறான், கூலி திஹாரில் இருக்கிறான், அடுத்து நான். சட்டம் தன் கடமையைச் செய்கிறது என்றால் இதுதான் போலிருக்கிறது.

கோர்ட் தாழ்வாரத்தில் மாரிமுத்து ஒரு போலீஸ்காரனோடு உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். மனசு தாங்காமல் நான் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டேன். கேபிள் பூமிக்குள் போனது, முத்திரை போனது, என் வேலை போகப்போவது எல்லாம்.

கூப்பிட்டார்கள். மாஜிஸ்டிரேட்டுக்கு அவன் பேசுவது புரியவில்லை. தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று சுற்றிப் பார்த்தார்கள். இருந்தது நான் ஒருத்தன். புகார் கொடுத்தவனே, சாமான் பொறுப்பாளனே, குற்றவாளிக்கு மொழிபெயர்ப்பாளனாகவும் இரு என்றார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கச் சொன்னார் மாஜிஸ்டிரேட். கேட்டேன்.

"ஆமா, நாந்தான் எடுத்தேன்னு சொல்லுங்க சார்" என்றான் மாரிமுத்து. "என்னப்பா உளர்றே?" என்றேன். "ஒத்துக்கிட்டா சாமானக் காட்டுன்னு கேக்கமாட்டாங்களாம், உள்ள இருக்கற நம்மூர் ஆளுங்க சொன்னாங்க. இருந்த நாளக் கழிச்சிக்கிட்டு என்னையும் சீக்கிரம் உட்டுடுவாங்க. எனக்கு உள்ள பழகிப்போச்சுங்க. நீங்க தாங்கமாட்டீங்க. ரெண்டு பேரு எதுக்கு?"

"என்ன சொல்கிறான்? ஜல்தி" என்றார் மாஜிஸ்டிரேட்.

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்பதற்கு இந்தியில் 'ஹாங்' என்று சொன்னால் நான் வீட்டுக்குப் போகலாம். அவனும் சில வாரத்தில் போவான், ஆனால் திருடன் என்ற பெயரோடு. அதற்கப்புறம் டெல்லியில் எங்கே ஒரு முழம் கம்பி காணாமல் போனாலும் அவன் குடிசையைத்தான் முதலில் உதைப்பார்கள். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. "ஹுஜூர், இவன் ஒரு பாவமும் அறியாத கூலி. என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறான். கேபிள் என்னிடம் இல்லை. அது கிட்வாய் நகரில் பூமிக்கடியில் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

மாஜிஸ்டிரேட் பேனாவை மூடினார். அப்புறம் திறந்தார். தடயம் இல்லை, சாட்சியே குற்றவாளி பக்கம், ஆகவே மாரிமுத்து விடுதலை. சுபுர்தாரியில் கொடுத்த வாக்கை மீறியதற்காக எனக்கு அபராதம், கூடவே நெருப்பாக ஒரு எச்சரிக்கை. ஜெயில் இல்லை என்று நான் மூச்சு விடுவதற்குள் இலாகா முந்திக்கொண்டது. உத்தரவில்லாமல் கேபிள் பதித்த குற்றத்துக்கு என் இன்க்ரிமென்டை நிறுத்தி மெமோ வந்தது.

அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன். மாரிமுத்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியோடு கேட் அருகே காத்திருந்தான். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு தலையை ஆட்டினான். "இம்மாம் படிப்புப் படிச்சிருக்கீங்க, ஒரே ஒரு பொய்ய ஒழுங்கா இந்தியில சொல்லத் தெரியலியே சார்!"

ஆக, சர்க்கார் கேபிளைத் திருடினால் என்ன தண்டனை என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அதை வைத்து சர்க்கார் வேலையைச் செய்தால் என்ன தண்டனை என்று மட்டும் மனப்பாடமாகத் தெரியும்.