ரீட்டாவின் பார்ட்டி பாட்டுகளும் ஜெனியின் குரலும்

1. முதல் நாள்

கள்ளக்குறிச்சியில் டைல்ஸ் கடை ஒன்றின் மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தேன். அம்மன் பாட்டு, கிறிஸ்தவ சபைப் பாட்டு, தேர்தல் சமயத்தில் ஆட்டோவில் ஓடும் அறிவிப்பு, இவைதான் என் பிழைப்பு. அதனால் தியாகதுருகத்திலிருந்து ரீட்டா லேப்டாப்போடு வந்து நின்ற அன்று, அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை.

"இன்னா மாதிரி பாட்டும்மா?"

"பார்ட்டி பாட்டுக்கா. மொத்தம் எட்டு. பொறந்தநாள் பார்ட்டி, காலேஜ் ஃபேர்வெல், சும்மா மழை பேயுதுன்னு வைக்கிற பார்ட்டி... எல்லாமே ஆடறதுக்கு. என்னோட மொத ஆல்பம்."

ரீட்டா ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். இசை முழுவதையும் லேப்டாப்பிலேயே செய்திருந்தாள். குரல் பதிவும் மிக்ஸிங்கும்தான் என் வேலை. முதல் பாட்டைப் போட்டுக் காட்டினாள். தாளத்தின் அடி, அந்தக் கிக் டிரம் சத்தம், விழும்போதெல்லாம் மற்ற ஒலிகள் சற்றே அடங்கி மறுபடி எழும்பின, தூங்குகிற குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதுபோல. வெறும் இரைச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்த எனக்குக் கண் சொருகியது.

பாடியவள் அவள் தங்கை ஜெனி. சபையில் பாடி வளர்ந்த குரல். மழைப் பாட்டில் அவளுக்கு வார்த்தையே கிடையாது. ஓரிடத்தில் இசை மொத்தமும் நின்றுவிடும். அந்த அமைதியில் "ஆ..." என்று அவள் குரல் மட்டும் நீளும். பிறகுதான் டிராப், அதாவது எல்லா ஒலியும் சேர்ந்து வந்து விழும் இடம். ஹெட்போனில் அதைக் கேட்டால் டைல்ஸ் கடை, பஸ் ஹாரன் எல்லாம் எங்கோ தள்ளிப் போய்விடும். தண்ணீரில் மல்லாந்து மிதக்கிற மாதிரி இருக்கும்.

2. அழித்தது

மிக்ஸிங் முடியும் தறுவாயில் ஜெனி தனியாக வந்தாள்.

"அக்கா, என் கொரல எடுத்துடுங்க."

அவளுக்குச் சின்னசேலத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ரீட்டா பெருமையாகப் போனில் போட்டுக் காட்டிய பாட்டை மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டு, "சபையில பாடற பொண்ணு, குடிச்சிட்டு ஆடறவங்களுக்கும் பாடுமா?" என்றாராம்.

ரீட்டாவை வரச் சொன்னேன். வந்ததும் தங்கை மேல் பாய்ந்தாள்.

"யாரோ இன்னாவோ சொன்னாங்கன்னு என் ஆல்பத்த கெடுக்கறியா? எவ்ளோ நாளா ஒக்காந்து செஞ்சிகினு இருக்கேன்டி!"

"ஆல்பம் உன்னுது. கொரல் என்னுதுதானே?" என்றாள் ஜெனி.

ரீட்டா என்னைப் பார்த்தாள்.

"அவ சொல்றது சரிதாம்மா. அவளுக்கு இஷ்டமில்லாம என்னால மிக்ஸ் பண்ண முடியாது" என்றேன்.

"அப்ப நீங்களே அழிங்கக்கா. என் கையால ஆவாது."

இருவர் முன்னாலும் அழித்தேன். பேக்கப்பில் இருந்ததையும், ரீட்டாவின் போனில் இருந்ததையும் அழித்தேன். ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பியவர்கள் வெவ்வேறு சீட்டில் உட்கார்ந்து போனார்களாம்.

3. கரியாலூர்

அடுத்து, கல்வராயன் மலையில் கரியாலூர் விடுதி ஒன்றில் சுற்றுலா வந்தவர்களுக்காக ஒரு பகல் நிகழ்ச்சி. ரீட்டா முதன்முதலாக ஆட்கள் முன்னால் வாசிக்கப் போகிறாள். ஸ்பீக்கரையும் மிக்ஸிங் கன்சோலையும் ஏற்றிக்கொண்டு நான் போனேன். அவள் வீட்டாரும் வந்தார்கள், ஜெனியும்தான். மற்ற பாட்டுகளில் குரல் இருந்த இடத்தை வேறு ஒலிகளால் நிரப்பியிருந்த ரீட்டா, மழைப் பாட்டை மட்டும் தொடவில்லை.

"அந்த எடம் காலியாவே கெடக்கட்டும்க்கா. இன்னா வெச்சாலும் பொய்யா கேக்குது."

மதியத்துக்கு மேல் பனி இறங்கியது. புல்வெளியில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால்கள் முதலில் மறைந்தன. அப்புறம் ஒரு சிவப்புத் துப்பட்டா, தூக்கிய ஒரு கை, சாமைக் காட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த பெண்களின் சிரிப்பு, இவ்வளவுதான் மிச்சம். பக்கத்தில் நின்ற ரீட்டாவே எனக்குப் புகையாகத் தெரிந்தாள்.

மழைப் பாட்டு வந்தது. இசை நின்றது. எல்லோரும் நின்றார்கள். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

அப்போது பனிக்குள்ளிருந்து "ஆ..." என்று ஒரு குரல் நீண்டது. மைக் இல்லை. எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. ரீட்டாவின் விரல் டிராப்பை விடுகிற பட்டன் மேல் இருந்தது. டிராப் விழவேண்டிய நேரம் தாண்டியும் அவள் அமுக்கவில்லை. குரல் தானாக அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம் அமுக்கினாள். முகம் தெரியாத கூட்டம் மொத்தமும் கத்திக்கொண்டு ஆடியது. கன்சோலைப் பிடித்தபடி நானும் ஆடினேன்.

சாமான் கட்டும்போது ரீட்டா மெதுவாகக் கேட்டாள். "ரெக்கார்ட் ஆச்சாக்கா?"

கூட்டத்தின் சத்தத்தைப் பிடிக்கப் புல்வெளி ஓரத்தில் ஒரு ரெக்கார்டர் வைத்திருந்தேன். அதில் பதிவாகியிருந்தது.

"ஆச்சு. ஆனா ஜெனிய கேளு."

ஜெனி ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடியெல்லாம் ஈரம்.

"வேணாம்னா சொல்லிடு. இந்த வாட்டி நானே அழிச்சிடறேன்" என்றாள் ரீட்டா.

"இல்ல, போடு. பேரையும் போடு. அவரு வூட்ல நான் பேசிக்கிறேன்."

பேசினாள். மாப்பிள்ளை அவள் பக்கம் நின்றார். மாமியாருக்குச் சமாதானமாகக் கொஞ்ச நாள் பிடித்தது. கல்யாணம் நின்றுவிடவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பாடுகிறவரிடம் பதிவுக்கு முன்னால் கேட்டால் மட்டும் போதாது. வெளியே விடும் முன்னாலும் கேளுங்கள். வேண்டாம் என்றால், எவ்வளவு நல்ல பதிவானாலும் அழித்துவிடுங்கள். நான் அழித்தது சுத்தமான ஸ்டுடியோ ஒலி. ஆல்பத்தில் இருப்பதில் யாரோ இருமுகிறார்கள், தூரத்தில் ஒரு ஜீப் கியர் மாற்றி ஏறுகிறது. எதையும் நான் சுத்தம் செய்யவில்லை.