கசியுதாம்

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். மின்கட்டண ரசீது, முட்டை, புதுப் புடவையின் முந்தானை, எதுவும் தப்பாது. தங்கையைப் பெண் பார்க்க வந்தவரைக்கூட, "கொஞ்சம் இப்படி வெளிச்சத்துக்கு வாங்க" என்று கூப்பிட்டவர். இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையே கதி. பிலிம் கழுவும் மருந்தில் விரல் நுனிகள் பழுப்பேறிவிட்டன. ஊருக்கு அவர் எக்ஸ்ரே அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

'ஆம்' என்று முடியும் சேதி மட்டும் அவருக்கு ஆகாது. "வந்துச்சாம், போச்சாம்னு வாலைப் பிடிச்சுக்கிட்டு வராதீங்க. பாத்தவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்பார்.

போரின் நான்காவது மாதம், அந்த 'ஆம்' அவர் வீட்டுக்கே வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் கிடங்குக்குள் தார்ப்பாய் மூடிய லாரி போனதாம். அணுகுண்டை ஒளித்து வைத்திருக்கிறார்களாம். அது கசிகிறதாம். அதே வாரம் பள்ளிப் பிள்ளைகள் பதினேழு பேர் வாந்தி எடுத்தார்கள். பாதித் தெரு காலியானது.

தங்கைக்கு அப்போது ஒன்பது மாதம். அவள் கணவர் தையல்கடைக்காரர். மூட்டை முடிச்சுகளை வேனில் ஏற்றிக் கயிறும் கட்டிவிட்டார். போக வேண்டிய நெடுஞ்சாலையிலோ, முந்தின நாள்தான் குண்டு விழுந்து இரண்டு பஸ்கள் எரிந்திருந்தன.

"கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாதுக்கா. வயித்துல இருக்கற புள்ளைய உருக்கிடுமாம்."

"நம்ம கண்ணுக்குத் தெரியாது மாப்ள, என் பிலிமுக்குத் தெரியும். ஒரே ஒரு நாள் பொறுங்க."

வெளிச்சம் புகாத கறுப்புக் காகிதத்தில் ஐந்து பிலிம்களைச் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஊக்கை ஒட்டினார். இரண்டு கிடங்குச் சுவரோரம், ஒன்று கிணற்றடியில், ஒன்று தங்கையின் தலையணைக்குக் கீழே. ஐந்தாவதை வைக்கப் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறியவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூடி விலகிக் கிடந்தது. உள்ளே, பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில், ஒரு புறா செத்து ஊறிக் கிடந்தது. தலைமை ஆசிரியரை அங்கேயே கூப்பிட்டு, "சார், ஏறி வந்து நீங்களே பாருங்க" என்றார். சார் பார்த்தார். அன்றைக்கே தொட்டியைக் காலி செய்தார்கள்.

மறுநாள் மாலை தையல்கடைக்காரரை இருட்டறைக்குள் அழைத்துப் போய், சிவப்பு விளக்கடியில் நிறுத்தினார். முதலில், அதேபோல் ஊக்கு ஒட்டிய ஆறாவது பிலிம் ஒன்றுக்குத் தன் மெஷினிலிருந்தே கதிர் காட்டிக் கழுவினார். அது கரியாகக் கறுத்தது; நடுவே ஊக்கு மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தது. "கசிஞ்சிருந்தா இப்படித்தான் இருக்கும்." பிறகு ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்தார். ஐந்தும் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தன.

"தூசளவு இருந்தா இது காட்டாது, அதையும் சொல்லிடறேன். ஆனா புள்ளைங்க வாந்தி எடுக்கற அளவுக்கு இருந்தா காட்டாம இருக்காது."

தையல்கடைக்காரர் ஆறாவது பிலிமை அந்த ஐந்துக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "நீங்க வெச்ச இடம் தப்பா இருந்தா?" என்றார்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "இது கேள்வி" என்று நான்கு புதுப் பொட்டலங்களை அவர் கையில் வைத்தார். "நீங்களே வைங்க. எங்கன்னு என்கிட்ட சொல்ல வேண்டாம்."

அவர் எங்கெல்லாம் வைத்தாரோ, இன்றுவரை அக்காவுக்குத் தெரியாது. அடுத்த நாள் அவற்றையும் அவரை வைத்துக்கொண்டே கழுவினார். நான்கும் தெளிவு. தையல்கடைக்காரர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "கயித்தை அவுத்துட்டு வரேன்கா" என்று வெளியே போனார்.

கதவு மூடிய பிறகுதான் அக்கா ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். கடைசி ஈரப் பிலிமைக் காயப்போட வேண்டும். அதற்கு முன், இன்னொரு தடவை அதைச் சிவப்பு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகக் கொக்கியில் மாட்டினார்.