ஐந்தருவிக்கு அடியில் அழிந்த எண்

போன வருடம் மே மாதம். தென்காசியில், கோயிலை ஒட்டிய பழைய கடைத்தெருவில் நடந்தது. யாரிடமாவது சொல்லாமல் மனம் அடங்காது போலிருக்கிறது.

பெரிய ரோட்டில் அடுக்குமாடிக் கடைகள் வந்த பிறகு அந்தத் தெருவுக்கு ஆள் வரத்து நின்றுபோனது. பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. குற்றாலம் சீசனுக்கு வருகிற கூட்டத்தில் பத்துப் பேராவது உள்ளே திரும்ப மாட்டார்களா என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். மருந்துக்கடைக்காரர் ஒருவர், வாத்தியார்கள் இரண்டு பேர், அலுவலகக் கோப்புகளோடு காலம் தள்ளும் நான், இப்படி. ஞாயிறுதோறும் தெருவைக் கூட்டினோம், சாக்கடை அடைப்பை எடுத்தோம். மூடிய ஷட்டர்களில் படம் வரைவது என் யோசனை. துருப்பிடித்த தகரத்தில் தண்ணீர் விழ வேண்டும், மலை எழும்ப வேண்டும், அதன்மேல் மேகம் இறங்க வேண்டும். அப்படியொரு வெறி எனக்கு. கட்டட உரிமையாளர்களிடம் போனில் கேட்டோம். எல்லாரும் சரி என்றார்கள்.

பூட்டிக் கிடந்த ஒரு தையல்கடையின் ஷட்டரில், சிவப்புப் பெயிண்டில் கோணல்மாணலாக ஒரு செல்போன் எண் இருந்தது. உப்புத்தாளோடு நின்ற மருந்துக்கடைக்காரர் தயங்கினார்.

"நம்பர் கிடக்கே அண்ணாச்சி, தேய்ச்சிரவா?"

"மூடுன கடைக்கு நம்பர் எதுக்குவே? தேய்ச்சிரும்."

தேய்த்தார். அதன்மேல் நான் குற்றாலத்து ஐந்தருவியை இறக்கினேன். போகிற வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு காலை. சாரல் பெய்துகொண்டிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா குடையோடு அந்த ஷட்டர் முன்னால் வெகுநேரமாக நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்து, துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"நல்லா இருக்காம்மா?"

"இங்கன என் நம்பர் கிடந்துச்சே... யாரு அழிச்சா?"

அவரே சொன்னார். வீட்டுக்காரர் இறந்த பிறகு வாடகை கட்ட முடியாமல் கடையை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான இலஞ்சியில் வீட்டிலேயே தைக்கிறாராம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் யூனிபார்ம் தைக்கப் பழைய ஆட்கள் கடையைத் தேடி வருவார்கள். ஷட்டரில் எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். வருடத்தில் அந்த ஒரு மாத வேலைதான் அவருக்கு மிச்ச மாதங்களின் சோறு.

"இந்த வருசம் ஒரு போனு வரல. ஊரே என்னைய மறந்துட்டுன்னுல்லா நெனச்சேன். பொறவு, மழையில அழிஞ்சிருக்குமோன்னு தோணிச்சு. எழுதிட்டுப் போவலாம்னு பெயிண்டு கொண்டாந்தேன். வந்து பாத்தா அருவி கொட்டுது."

கோபமே இல்லாமல் சொன்னார். நான்தான் அழிக்கச் சொன்னேன் என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பைக்குள் கைவிட்டுச் சின்ன டப்பாவை எடுத்தார்.

"குடுங்கம்மா, நான் எழுதுதேன்."

"நீங்க எழுதுனது போதும் அண்ணாச்சி. இந்தக் குடையப் பிடியும்."

பிடித்தேன். அருவியின் குறுக்கே, நான் இழைத்து இழைத்து வரைந்த நுரைக்கு நடுவில், பத்து எண்களையும் சிவப்பில் எழுதினார். ஈரத்தில் ஒன்றிரண்டு வழிந்தன. படிக்க முடிகிறதா என்று சரிபார்க்க, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே என் போனில் அந்த எண்ணை அழுத்தினேன்.

அவர் பைக்குள் மணி அடித்தது.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, பெயிண்டு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பரபரவென்று போனைத் தேடி எடுத்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அலோ, ஆமா, டெய்லர்தான்! எத்தனை செட்டு?"

"நான்தாம்மா... நம்பர் சரியாருக்கான்னு பாத்தேன்."

மெல்லத் திரும்பினார். காதிலிருந்து போனை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அடிக்குதுல்லா. சரி, போதும்" என்று சொல்லிக் குடையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பள்ளிக்கூடங்கள் திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிள்ளைகள் எல்லாம் வேறு யாரோ தைத்த சட்டையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தெருவில் இப்போதும் நாங்கள் வேலை செய்கிறோம்; ஆனால் பூட்டிய கதவு எதன் முன்னால் தூரிகையோடு நின்றாலும், எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டிருப்பாரோ என்ற நினைப்பு வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறது.