கார்ட்லெஸ்ஸில் யாரோ

எங்கள் வீட்டுக்குக் கார்ட்லெஸ் போன் வந்த வருஷம்தான் என் தங்கை கையில் மாவுக்கட்டோடு புருஷன் வீட்டை விட்டு வந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு ஃப்ளாட்டில் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். எனக்கு வங்கியில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாராவது வருத்தப்பட்டால் எனக்குக் கோபம் வரும்.

தங்கை நங்கநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் வெளியில் தேனாக ஒழுகுவான். பெரியவர்களைக் கண்டால் வாசலிலேயே நமஸ்காரம் பண்ணுவான், அம்மாவுக்கு வெற்றிலை வாங்கி வருவான். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் வேறு ஆள். ஒருநாள் அவள் இடது மணிக்கட்டை முறுக்கி உடைத்தான். அவள் எங்களிடம் வந்த மறுநாளே பின்னாலேயே வந்து, அம்மா காலில் விழுந்து அழுதான். என்னிடம் மட்டும், படியிறங்கும்போது, மெதுவாகச் சொன்னான்.

"எங்க கொண்டுபோய் வெச்சாலும் கண்டுபிடிப்பேன். கையில கெடச்சா உசிரோட விடமாட்டேன்."

சொல்லிவிட்டுச் செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போனான். கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அம்மாவிடம் சொன்னேன். "கோவத்துல எல்லாரும் பேசறதுதான்" என்றாள். போலீசுக்குப் போகலாம் என்றேன். "நம்மாத்துப் பொண்ணு ஸ்டேஷன் படி ஏறணுமா?" என்று அப்பா கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதனால் தங்கையை அடையாறில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சேர்த்தோம். தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. அவள் இருக்கும் இடம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். தினம் அவள் ஆபீசிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்ததும் எனக்குப் போன் பண்ணுவாள். நான் கார்ட்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு, அம்மா துணி உலர்த்தும் பின்பக்கத்து பால்கனிக்குப் போய்விடுவேன். அங்கே போனால் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான் என்னுடையது.

அந்த போன் அப்பாவின் பெருமை. பர்மா பஜாரில் போய் பேரம் பேசி வாங்கி வந்தார். வாங்கிய வாரமே முதல் மாடி மாமா மேலே வந்து கையில் எடுத்துப் பார்த்து, "அதே மாதிரி எங்களுக்கும் ஒண்ணு" என்றார். எங்கள் கட்டடத்தில் ஒருவர் மிக்சி வாங்கினால் நாலு வீட்டில் அதே மிக்சிதான் அரைக்கும். அப்பா சந்தோஷமாகப் போய் அதே கடையில், அதே நிறத்தில், அதே போனை அவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. வோல்டேஜ் ஏறி இறங்கிச் சாமான் கெட்டுப்போகும் என்று அப்பாவுக்குத் தீராத கவலை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் மெயினை அணைத்துவிடுவார். இடி இடித்தால் எல்லா ப்ளக்கையும் பிடுங்குவார். கார்ட்லெஸ்ஸை வைக்கும் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருந்தது. கரண்டை அணைத்துத் திரும்பப் போட்டால் அது சிமிட்ட ஆரம்பித்துவிடும், நிற்கவே நிற்காது. ஹாலில் படுக்கும் அம்மாவுக்கு அது கண்ணைக் குத்தியது. நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின்மேல் ஒட்டிவிட்டாள். நாங்களும் அதை மறந்துபோனோம்.

முதலில் பயம் வந்தது மாடிப்படியில். வங்கியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். முதல் மாடி மாமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெகு பிரியமாக, "ஏண்டி, உன் தங்கைக்கு ஜுரம் விட்டுதோ?" என்றாள்.

எனக்குக் கால் படியிலேயே நின்றுவிட்டது. தங்கைக்கு ஜுரம் என்பது முந்தின நாள் போனில் அவள் என்னிடம் சொன்னது. அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் அவள் பெங்களூரில் அத்தை வீட்டில் இருக்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். "தேவலை மாமி" என்று எதையோ உளறிவிட்டு மேலே வந்தேன். கதவைத் தாழ் போட்டேன். மாமி நல்லவள்தான். ஆனால் மாப்பிள்ளை வரும்போதெல்லாம் அந்த வீட்டிலும் தலையைக் காட்டி, மாமாவோடு கிரிக்கெட் பேசிவிட்டுத்தான் போவான்.

அன்றைக்குத் தங்கை போன் பண்ணியபோது அவள் குரலே சரியில்லை.

"அக்கா, அடையாறு சிக்னல்ல அவர் ஸ்கூட்டர் மாதிரி ஒண்ணு பார்த்தேன்."

"நெறையப் பேர் வெச்சிருக்கா, அந்தக் கலர்."

"அவரேதான்னு தோணறது. சுத்தி சுத்திப் பார்த்துண்டு நின்னார். நான் கடைக்குள்ள போய் ஒளிஞ்சுண்டேன்."

அப்போது போனுக்குள் 'கொர்' என்று ஒரு சத்தம். பின்னால் யாரோ இருமினார்கள். என் வீட்டு இருமல் இல்லை, அவள் ஹாஸ்டல் இருமலும் இல்லை. நான் பேசாமல் வைத்துவிட்டேன். யாரோ கேட்கிறார்கள், கேட்டு அவனுக்குச் சொல்கிறார்கள், அவன் அடையாறு வரைக்கும் வந்துவிட்டான். இதுதான் என் மனசில் ஓடியது.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்து பரண் எல்லாம் தேடி, போனோடு வந்த சின்னப் புத்தகத்தைக் கண்டெடுத்தபோது மணி நாலரை ஆகிவிட்டது. யாரும் பிரிக்காமல் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. கையில் பிடிக்கிற போனுக்கும் அதை வைக்கிற பெட்டிக்கும் இடையில் ஒரு ரகசிய எண் உண்டாம். கரண்ட் போனால் அந்த எண் அழிந்து, கடையிலிருந்து வந்தபோது இருந்த பொது எண்ணுக்கே திரும்பிவிடுமாம். சிவப்பு விளக்கு சிமிட்டுவது அதற்கான எச்சரிக்கை. போனைப் பெட்டியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் புது எண் ஏறும். பக்கத்து வீட்டிலும் இதே போன் இருந்தால் சேனலையும் மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் பேசுவது உங்களுக்கும் நீங்கள் பேசுவது அவர்களுக்கும் கேட்கும். இவ்வளவும் தெளிவாகப் படம் போட்டு எழுதியிருந்தது.

போய்ப் பார்த்தேன். பொட்டுக்குக் கீழே விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அப்பா மேல் வந்த கோபத்தில் தலை கிர்ரென்றது. நம் வீட்டு ரகசியத்தை நாமே மாடி மாடியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். அப்பா நூலகத்துக்குப் போயிருந்தார், அதனால் தப்பித்தார்.

முதலில் கீழ் வீட்டுப் போனைச் சரி செய்துவிட்டு, பிறகு எங்களுடையதை மாற்றலாம் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அவள் அரைக் காதில்தான் வாங்கிக்கொண்டாள். "எவ்வளவு நாழி ஆகும்?" என்றாள். "ஆகும், மாமி வேற பேசாம விடமாட்டா" என்றேன்.

மாமி என்னைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள். "நானே சொல்லணும்னு இருந்தேன்டி. போனை எடுத்தா சில நாள் உன் குரல் வரது. வேணும்னு கேக்கலை, ஆனா ஜுரம்னு காதுல விழுந்தது. மனசு கேக்கலை."

"வேற யார்கிட்டயாவது சொன்னேளா மாமி?"

"யார்கிட்டடி சொல்லப்போறேன்? உங்க மாமா காதுலகூடப் போடலை."

நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நம்புகிற நிலையில் நான் இல்லை. அவர்கள் வீட்டுப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினேன். இப்போது அவர்கள் போன் கையில் வெறுமனே இருக்கிறது. அதைத் தட்டினால் எங்கள் வீட்டு லைன் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்திக் காதில் வைத்தேன்.

டயல் டோன் வரவில்லை. அம்மாவின் குரல் வந்தது.

"... இல்லை மாப்பிள்ளை, சிக்னல்கிட்ட இல்லை. டெப்போ தாண்டி, பழக்கடைக்கு எதிர்ல பச்சை கேட் போட்ட வீடு. ஹாஸ்டல்னு போர்டு இருக்கும்."

"எத்தனை மணிக்கு வருவா மாமி?" அவன் குரல். தேன்.

"இன்னிக்கும் ஆபீஸ் உண்டு அவளுக்கு. ஆறு மணிக்குள்ள பஸ்ஸ விட்டு எறங்கிடுவா. நீங்க கோவப்படாம நல்லபடியாப் பேசி அழைச்சுண்டு போங்கோ. சின்னஞ்சிறுசுகள் எத்தனை நாள் இப்படிப் பிரிஞ்சு இருக்கறது? நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதேங்கோ."

"சொல்லமாட்டேன் மாமி. நீங்க எனக்கு அம்மா மாதிரி."

எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. விட்டால் அவன் காதில் விழும். "அம்மா, வெச்சுடு" என்று கத்தியிருக்கலாம். கத்தினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிடும், அந்த நிமிஷமே வண்டியை எடுப்பான். பொத்தானை அழுத்தி அணைத்தேன். மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கையைக் காட்டினாள்.

"ரூம்ல பழைய டயல் போன் இருக்கு. அதுல பேசு."

அவர்கள் லைனில் ஹாஸ்டலுக்குப் போட்டேன். தங்கை இன்னும் வரவில்லை. ஆபீசுக்குப் போட்டேன், கிளம்பிவிட்டாள். மேலே போய் செருப்பு மாட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. மாமியின் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

"இன்னா மேடம், எங்க போவணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"அடையாறு டெப்போ. சீக்கிரம் போங்க. ஒருத்தன் என் தங்கையை அடிக்கறதுக்குக் காத்துண்டிருக்கான்."

ஏன் அப்படி உள்ளதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் திரும்பி ஒரு தடவை பார்த்தார். "குந்து. பயப்படாத. இஸ்துகினு போயிடலாம்" என்றார். பாலத்தின் மேல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன். நங்கநல்லூரிலிருந்து ஸ்கூட்டரில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

அவன் முன்னாலேயே வந்திருந்தான். அடையாறிலேயே ஏதோ ஒரு பூத்திலிருந்துதான் அம்மாவோடு பேசியிருக்க வேண்டும். பழக்கடையில் நின்று ஜூஸ் குடித்துக்கொண்டு, பச்சை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. யார் பார்த்தாலும் நல்ல பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

"அவந்தானா?" என்றார் ஆட்டோக்காரர். தலையை ஆட்டினேன். அவர் நிற்காமல் ஓட்டி, பஸ் ஸ்டாப்புக்குச் சற்று முன்னால் ஓரம் கட்டினார். இரண்டு பஸ் வந்து போனது, அவள் இல்லை. மூன்றாவதிலிருந்து இறங்கினாள். கட்டுப் பிரித்த கையை இன்னும் மார்போடு அணைத்துக்கொண்டு, தோளில் பையோடு, எதுவும் தெரியாமல் ஹாஸ்டல் பக்கம் திரும்பினாள். நான் ஓடிப்போய் அவள் நல்ல கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வீல் என்று கத்தப் போனாள். பிடித்தது அவன்தான் என்று நினைத்துவிட்டாள்.

ஆட்டோவில் ஏறினதும், கேட்காமலே, ஆட்டோக்காரர் மழைக்கு இறக்கிவிடும் ரெக்சின் படுதாவை இரண்டு பக்கமும் இறக்கினார். மழை எதுவும் இல்லை. வண்டி பழக்கடையைத் தாண்டும்போது நாங்கள் இரண்டு பேரும் தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டோம்.

வேளச்சேரியில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தியின் வீட்டுக்குப் போனோம். அப்போது அந்தப் பக்கம் பாதி ஏரி, பாதி காலி மனை. தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள். தங்கை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "அவருக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்றாள்.

"அந்தக் கார்ட்லெஸ்ஸாலதான். கீழ் வீட்டு வரைக்கும் கேட்டிருக்கு" என்றேன். அவள் நம்பினாள். நான் சொன்னதில் பாதி உண்மைதான்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டியிருந்தது. கீழ் வீட்டில் செருப்பைக் கொடுத்துவிட்டு, அவர்கள் போனைச் சரி செய்தேன். மேலே வந்து பொட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு எங்களுடையதையும் சரி செய்தேன். சேனலை மாற்றினேன். விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. மாப்பிள்ளை போன் பண்ணிக் கத்தியிருக்க வேண்டும். இந்தத் தடவை தேன் வடிந்திருக்காது.

"இனிமே நாம பேசறது யாருக்கும் கேக்காதோன்னோ?" என்றாள்.

"கேக்காது."

"அவ பத்திரமா இருக்காளா?"

"இருக்கா."

"எங்கடி இருக்கா? எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் பெத்தவடி."

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. "தெரியாதும்மா" என்றேன். அப்புறம் பல மாதம், சாதம் பரிமாறும்போதெல்லாம் அம்மா அதையே கேட்டாள், நானும் அதையே சொன்னேன். பெற்றவளிடம் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது.